கௌதாரி குடிக்கும் தண்ணீர்

மாப்லா மலையில் கௌதாரி இருக்கிறது என்று நான் சொன்னால் இப்போது என் வீட்டு ஆடுகூட நம்பாது. ஐந்து வருடமாக அப்படித்தான். என் பெயர் லுபாக். எங்கள் அஃபர் மொழியில் சிங்கம் என்று பொருள். சிங்கத்துக்கு வாய்த்த வாழ்வைப் பாருங்கள்: ஓடை முகப்பில் ஒரு கல் குடில், ஏழு ஆடு, தண்ணீருக்கு ஒரு மஞ்சள் கேன், பேச ஆளில்லை.

ஆளே இல்லாத இடம் என்று நினைத்துவிடாதீர்கள். ஒபோக் கடற்கரைக்குப் போகிறவர்களும் வருகிறவர்களும் வாரத்துக்கு நாலு பேராவது என் குடிலைத் தாண்டித்தான் ஒட்டகம் ஓட்டுகிறார்கள். ஸலாம் சொல்கிறார்கள். சொல்லிவிட்டு நடந்துகொண்டே இருக்கிறார்கள். உட்காருவதில்லை.

எங்களில் இரண்டு பேர் வழியில் சந்தித்தால் நிழல் பார்த்து உட்கார்ந்து டாகு பேசாமல் பிரியமாட்டார்கள். டாகு என்பது அரட்டை இல்லை. கண்ணால் பார்த்தது என்ன, காதால் கேட்டது என்ன, யார் வாயால் கேட்டது, எல்லாவற்றையும் தனித்தனியாகச் சொல்ல வேண்டும். கூட்டவும் கூடாது, குறைக்கவும் கூடாது. எங்கே மழை விழுந்தது, எந்தக் கிணறு வற்றியது, யார் செத்தது என்று கேட்டுக்கொண்டுதான் எதிரில் இருப்பவன் தன் ஆட்டை எந்தப் பக்கம் ஓட்டுவது என்று முடிவு செய்வான். கண்ணால் காண்பதும் பொய், காதால் கேட்பதும் பொய் என்று தத்துவம் பேசுகிறவர்கள் உண்டு. ஆடு மேய்க்கிறவனுக்கு அந்தத் தத்துவம் கட்டுப்படியாகாது. டாகுவில் பொய் சொன்னவன் கிணற்றில் செத்த நாயைப் போட்டவனுக்குச் சமம்.

நான் போட்டேன். அதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். இதைப் பிறகு எவனோ வந்து உங்களிடம் சொல்வதைவிட நானே சொல்வது மேல்.

அப்போது பறவை எண்ணுகிறவர்களுக்கு நான் வழிகாட்டி. ஜிபூட்டி நகரத்திலிருந்து தொப்பியும் தூரக்கண்ணாடியுமாக வருவார்கள். இந்த வகைக் கௌதாரி எங்கள் மலைகளைத் தவிர உலகத்தில் வேறெங்கும் இல்லையாம். இங்கேயும் இருக்கிறதா போய்விட்டதா என்று யாருக்கும் தெரியவில்லையாம். பழுப்பு நிறம், கோழியைவிடக் கொஞ்சம் சிறிசு, அதிகம் பறக்காது, புதருக்குள் ஓடி மறையும். விடிவதற்குச் சற்று முன்னால் மட்டும் கத்தும். மூன்று வருடம் அவர்களைக் கூட்டிக்கொண்டு போனேன். பல் பாறை என்று நாங்கள் சொல்லும் மேட்டுக்கு மேலே இருக்கும் பள்ளத்தில் அதன் குரலைக் கேட்டேன். கேட்டேன், அவ்வளவுதான். ஒரு இறகைக்கூடப் பார்த்ததில்லை.

ஒரு வறட்சி மாதம். கிணற்றடியில் ஏழெட்டுப் பேர் உட்கார்ந்திருந்தோம். தாத்தோ என்று ஒருவன். இளம் வயதில் அந்தப் பறவையைப் பிடித்துச் சுட்டே தின்றிருப்பதாகப் பெருமை பேசுகிறவன்.

"லுபாக்கு, இந்த வருஷமாவது பாத்தியா, இல்ல வழக்கம்போல காதுலதான் வளக்குறியா?" என்றான்.

சிரித்தார்கள்.

"பாவம், அது இவன் காதுக்குள்ளதான் கூடு கட்டிருக்கு. வெளிய தேடுனா எப்படிக் கெடைக்கும்?" என்று இன்னொருவன் எடுத்துக் கொடுத்தான்.

எனக்கு முன்கோபம். என் மனைவி தஜூரா ஊருக்குப் போய் வேறொருவனைக் கட்டிக்கொண்டதற்கும் அதுதான் காரணம், வறுமை இல்லை. நான் சொன்னேன்: "பாத்தேன்டா. பல் பாறைக்கு மேல. குஞ்சோட பாத்தேன். என் ரெண்டு கண்ணால."

சிரிப்பு நின்றது. எவ்வளவு இனிமையாக இருந்தது தெரியுமா அந்த அமைதி! அதற்கு நான் இன்னும் விலை கொடுத்துக்கொண்டிருக்கிறேன்.

வறட்சியில் எவனும் பறவையைப் பறவைக்காகக் கேட்பதில்லை. அந்த வறண்ட வெயிலில் ஒரு கௌதாரி குஞ்சு பொரித்திருக்கிறது என்றால் பக்கத்தில் எங்கோ தண்ணீர் இருக்கிறது. இது எங்களில் பச்சைப் பிள்ளைக்கும் தெரியும். எனக்கும் தெரியும். வாயை விட்ட நேரத்தில் மட்டும் தெரியாமல் போய்விட்டது. செய்தி இரண்டு வாய் மாறி யய்யோவின் காதுக்குப் போனது. யய்யோ என் மச்சான், என் தங்கை மொமினாவின் கணவன். நாற்பத்தாறு ஆட்டை ஓட்டிக்கொண்டு பல் பாறைக்கு ஏறினான். ஆறு நாள் பாறை பாறையாகத் தேடியிருக்கிறான். இறங்கும்போது ஒன்பது ஆடு இருந்தது.

பெரியவர்கள் கூடி என்னைக் கேட்டார்கள், "பார்த்தாயா?" என்று. அப்போதாவது உண்மையைக் கக்கியிருக்கலாம். எதிரில் தாத்தோ உட்கார்ந்திருந்தான். "பார்த்தேன்" என்றேன். மூன்று முறை கேட்டார்கள், மூன்று முறையும் அதே. பறவையைப் பார்த்தேன் என்றுதானே சொன்னான், தண்ணீரைப் பார்த்தேன் என்று சொல்லவில்லையே என்று தண்டம் போடாமல் விட்டுவிட்டார்கள். ஆனால் எழுந்து போனபோது, பிரியும்போது எங்களில் வழக்கமாகச் செய்வதுபோல ஒருவரும் என் கையைப் பிடித்து முத்தமிடவில்லை. அன்றிலிருந்து யாரும் என்னோடு உட்காருவதில்லை. நகரத்துக்காரர்களும் வருவதை நிறுத்திவிட்டார்கள். மொமினாவும் வரவில்லை. கூடப் பிறந்தவளே முகத்தில் விழிக்க விரும்பவில்லை என்றால் மற்றவர்களை எப்படிக் குறை சொல்வது?

அதனால் தேடினேன். அந்தப் பறவையை ஒரே ஒரு முறை, அதே இடத்தில், குஞ்சோடு பார்த்துவிட்டால் போதும். அன்றைக்குச் சொன்ன பொய் உண்மையாகிவிடும் என்று ஒரு கணக்கு. பொய்க்குப் பின்தேதி போட்டு உண்மையாக்க முடியாது என்று எனக்கே தெரியும். வேறு வேலை என்ன இருந்தது சொல்லுங்கள்?

வெயில் மாதங்களில்தான் தேட வேண்டும். மற்ற மாதங்களில் அது எங்கு வேண்டுமானாலும் இருக்கும். வெயிலில் உயரத்துக்குப் போய்விடும். நடு இரவு கழிந்ததும் கிளம்பினால் விடிவதற்குள் பல் பாறை. கறுத்த கல், காலை எட்டு மணிக்கே கை வைக்க முடியாது. மேற்குக் காற்று வந்தால் கண் இமைக்குள் மணல் புகுந்துவிடும். டயர் செருப்பு ஒரு வெயிலுக்கு ஒரு சோடி. ஒரு தடவை முழங்கால் பிசகி இரண்டு நாள் பாறை இடுக்கிலேயே கிடந்தேன். அந்த இரண்டு நாளும் என்னை யாரும் தேடவில்லை என்பது முழங்காலைவிட அதிகம் வலித்தது. வலித்தது என்றால் நிஜமாகவே வலித்தது. அழுதேன். வயதான ஆம்பிளை பாறை இடுக்கில் அழுவதைப் பார்க்க ஒரு கழுகுகூட வரவில்லை.

குரல் மட்டும் வருடம் தவறாமல் கேட்டது. என்னைக் கேலி செய்வது போலவே இருக்கும். இருட்டு வெளுக்கும்போது கரகரவென்று நாலைந்து தரம் கத்தும், ஓய்ந்துவிடும். ஓடிப் போனால் புதர் மட்டும் இருக்கும்.

இந்த வருட வெயிலில் ஆறாவது முறை ஏறியபோது நான் ஓடவில்லை. ஓடுகிற வயதும் போய்விட்டது, ஓடி ஒன்றும் கிடைக்கவுமில்லை. பள்ளத்தின் தலைமாட்டில் சாய்ந்து நிற்கும் ஒரு பாறைக்கு எதிரே, முள்புதருக்குள் உடம்பை நுழைத்துக்கொண்டு உட்கார்ந்தேன். கத்தியது. இருந்தேன். ஓய்ந்தது. இருந்தேன். வெயில் ஏறியது. ஒரு முள் இடுப்பில் குத்திக்கொண்டே இருந்தது, அதையும் எடுக்கவில்லை. வழக்கமாக இறங்கிவிடும் நேரத்தையும் தாண்டி உட்கார்ந்திருந்தேன்.

சாய்ந்த பாறையின் அடியிலிருந்து தலை நீட்டியது. சாம்பல் கழுத்து, நெற்றியில் செம்பழுப்பு. சுற்றும் முற்றும் பார்த்தது. பிறகு வெளியே வந்தது. அதன் பின்னால் குஞ்சுகள். இவ்வளவு அற்பமான ஒன்றுக்கா இத்தனை வருடம் என்று ஒரு நொடி தோன்றியது. மறுநொடி கண் நிறைந்து ஒன்றும் தெரியவில்லை. ஐந்து வருடம் காத்திருந்து பார்க்கிறேன், கண்ணீர் மறைக்கிறது! கையால் துடைக்கவும் முடியாது, அசைந்தால் ஓடிவிடும். இமையைக் கொட்டிக் கொட்டிப் பார்த்தேன்.

அவை போன பிறகு தவழ்ந்து சென்று பாறையின் அடியில் பார்த்தேன். கல்லின் வெடிப்பிலிருந்து தண்ணீர் கசிந்து, உள்ளங்கை அளவு குழியில் தேங்கிக்கொண்டிருந்தது. பறவையும் குஞ்சுகளும் குடித்ததில் குழி கிட்டத்தட்ட காலி. ஒரு சொட்டு விழுந்தது. அடுத்த சொட்டுக்கு நான் முப்பது வரை எண்ணினேன். விரலைக்கூட நனைக்காமல் பின்வாங்கினேன்.

வெளியே வந்து நிமிர்ந்தபோது மேட்டில் ஒரு கிழட்டுக் குரங்கு உட்கார்ந்திருந்தது. "பாத்தேன்டா" என்று அதனிடம் சொன்னேன். அது எழுந்து பின்புறத்தைக் காட்டிக்கொண்டு போனது. பரவாயில்லை, ஸலாம் மட்டும் சொல்லிவிட்டுப் போகிறவர்களைவிட அது மேல்.

இறங்கும் வழியெல்லாம் யாரிடம் முதலில் சொல்வது என்று யோசித்துக்கொண்டு வந்தேன். தாத்தோ இரண்டு வருடம் முன்பே செத்துவிட்டான். எனக்கு ஆத்திரமாக வந்தது. இருந்து கேட்டுவிட்டுச் செத்திருக்கக் கூடாதா?

பள்ளம் ஓடையோடு சேரும் கவட்டையில், ஒற்றை வேலமரத்தின் கீழே, ஆடுகள் நின்றிருந்தன. எல்லாம் வாயைத் திறந்து மூச்சு வாங்கிக்கொண்டிருந்தன. நடுவில் யய்யோ, கம்பைத் தோளில் குறுக்கே போட்டுக்கொண்டு. ஐந்து வருடத்தில் மனிதன் காய்ந்து பாதியாகியிருந்தான். என்னைப் பார்த்ததும் முகத்தைத் திருப்பினான். பிறகு, தண்ணீர்ப் பஞ்சம் வந்தால் பகையாவது ஒன்றாவது, திரும்பினான்.

"ஸலாம்" என்றான்.

"வஅலைக்கும்."

"உக்காரு."

உட்கார்ந்தேன். அவன் கை நீட்டவில்லை, நானும் நீட்டவில்லை. ஆனால் எதிரெதிராக உட்கார்ந்திருந்தோம்.

"எங்க பக்கம் ரெண்டு கெணறும் வத்திப்போச்சு. என் கண்ணால பாத்தது" என்று ஆரம்பித்தான். முறைப்படிதான் ஆரம்பித்தான். "ஒபோக்கு கரையில லாரி வந்து தொட்டியில தண்ணி ஊத்துதுன்னு கேட்டேன். சொன்னது ஒட்டகக்காரன் தீனி. ரெண்டு நாள் நடை. இருபத்திரண்டு உருப்படி. இன்னிக்கு இப்பவே கெளம்புனா போய்ச் சேந்துரும். மேல ஏறிப் பாத்துட்டு அப்பறம் போலாம்னா சேராது. மேலயா, கரையான்னு இங்க நின்னு முழிச்சிட்டு இருக்கேன். நீ மேலருந்து வர. என்ன பாத்த?"

நான் ஆடுகளைப் பார்த்தேன்.

பறவையைக் குஞ்சோடு பார்த்தேன் என்று சொன்னால் போதும். என் பெயர் மீண்டுவிடும். ஆனால் அவன் ஆட்டை மேலே திருப்புவான். ஒன்றும் பார்க்கவில்லை என்று சொன்னால் கரைக்குப் போவான். ஆடு பிழைக்கும், பறவை பிழைக்கும். இந்தப் பொய்யால் யாருக்கும் ஒரு நட்டமும் இல்லை, என்னைத் தவிர. ஐந்து வருடம் தேடியதை முழுங்கிவிட்டு எழுந்து போக வேண்டும். நல்ல பொய்தான். சொல்லியிருக்கலாம். ஆனால் ஐந்து வருடத்துக்குப் பிறகு ஒரு மனிதன் என் முன்னால் உட்கார்ந்திருக்கிறான். அவனிடம் இன்னொரு பொய்யா?

"கௌதாரியப் பாத்தேன்" என்றேன். "குஞ்சோட. பல் பாறைக்கு மேல, சாஞ்ச பாறைக்கு அடியில. தண்ணியும் பாத்தேன். இந்தக் கையளவு. ஒரு சொட்டுக்கும் அடுத்த சொட்டுக்கும் முப்பது எண்ணலாம். பறவைக்குப் போதும். ஒன் ஆட்டுல ஒண்ணு நாக்க நனைக்கக்கூடப் பத்தாது. கரைக்குப் போ, மச்சான்."

யய்யோ என்னையே பார்த்தான். அவன் கண் சிவந்தது.

"அன்னிக்குப் பறவை இருக்குன்ன, தண்ணி இல்ல. இன்னிக்குத் தண்ணியும் இருக்குங்கற, ஆனா போகாதங்கற." கம்பால் தரையைக் குத்தினான். "ஒன் பறவைக்கு ஒளிச்சு வைக்கிறியா? என் ஆடு செத்தாலும் அது குடிக்கணும், அப்படித்தான?"

"இல்ல மச்சான்."

"மச்சான் கிச்சான்னு சொல்லாத. ஒன் வாயிலருந்து வர்றதுல எத எடுக்கிறது, எதத் தள்றது? நீயே சொல்லு."

அவன் எழுந்துவிட்டான். முன்னால் நின்ற கிடாயைப் பள்ளத்துப் பக்கமாகத் தட்டினான். அது இரண்டு அடி மேலே ஏறியது. மற்றவை தலையைத் தூக்கின. அந்த இரண்டு அடியைப் பார்த்ததும் கத்தினேன்.

"யய்யோ, நில்லு! அன்னிக்கு நான் பாக்கல."

அவன் நின்றான்.

"அன்னிக்குக் கேட்டேன், அவ்வளவுதான். சத்தம் மட்டுந்தான் கேட்டேன். பறவையப் பாக்கல. குஞ்சு கிஞ்சு எதுவும் பாக்கல. தாத்தோ சிரிச்சான்னு சொல்லிட்டேன். பெரியவங்க முன்னாடி மூணு தடவ சொன்னதும் பொய். அன்னிக்கு மேல தண்ணி இருந்துச்சா இல்லையான்னு எனக்குத் தெரியவே தெரியாது. இன்னிக்குத்தான் பாத்தேன். ஒனக்கு எந்த லுபாக்கு வேணுமோ அவன நம்பிக்க. ஆனா ஆட்ட மேல ஏத்தாத."

அவன் கத்துவான் என்று எதிர்பார்த்தேன். எங்கள் ஆட்கள் இடுப்பில் கத்தி இல்லாமல் நடப்பதில்லை, அதற்கும் தயாராகத்தான் இருந்தேன். யய்யோ மெதுவாக வந்து, எழுந்த இடத்திலேயே மறுபடி உட்கார்ந்தான். இரண்டு கையாலும் முகத்தைத் தேய்த்துக்கொண்டான்.

"தண்ணி இல்லையா?" என்றான். "மேல அன்னிக்குத் தண்ணி இல்லையா?"

"தெரியாது. நான் எதையும் பாக்கல."

"ஒன் தங்கச்சி என்ன சொல்லுவா தெரியுமா? அஞ்சு வருஷமா சொல்றா. 'எங்கண்ணன் டாகுல பொய் சொல்ல மாட்டான். பாத்தேன்னா பாத்துருக்கான். அங்க தண்ணி இருந்துருக்கும், ஒனக்குத்தான் தேடத் தெரியல. ஆறு நாள் குருட்டுக் கழுத மாதிரி சுத்திட்டு வந்துருக்க'ன்னு. ஒவ்வொரு சண்டையிலும் இதேதான். புள்ளைங்க முன்னாடியும்." கம்பை மடியில் போட்டுக்கொண்டான். "ஊரெல்லாம் நீ பொய்யன்னு சொல்லுச்சு. எனக்கு மட்டும் சந்தேகம். நாந்தான் சரியாத் தேடலையோ? எந்தப் பாறையையாவது விட்டுட்டேனோ? ராத்திரியெல்லாம் அந்தப் பாறைங்களத்தான் ஒண்ணொண்ணாப் பெரட்டிட்டு இருப்பேன். அவள ஒன் பக்கம் வர விடாததும் நாந்தான். வந்தா நீயும் அதையே சொல்லுவ, அதயும் சேத்து என் தலையில கொட்டுவா."

என்னை நம்பிய ஒரே ஒரு ஆள் இருந்திருக்கிறாள், அது எனக்குத் தெரியாமல் போய்விட்டது. அவள் என்னை நம்பிய ஒவ்வொரு நாளும் இந்த மனிதனை அடித்திருக்கிறது. ஆடு செத்தது மட்டும்தான் என் பாவம் என்று ஐந்து வருடம் நினைத்துக்கொண்டிருந்தேன். மலையில் நான் ஒரு பறவையைத் தேடிக்கொண்டிருந்தபோது, இவன் படுக்கையில் கிடந்து யாரும் பார்க்காத தண்ணீரைத் தேடிக்கொண்டிருந்திருக்கிறான். அவன் காலில் விழுந்திருக்க வேண்டும். விழத் தோன்றவில்லை. உட்கார்ந்தே இருந்தேன்.

"அவகிட்ட நான் வந்து சொல்லட்டுமா?" என்றேன்.

"வேணாம்" என்றான். "நானே சொல்லிக்கிறேன்."

எழுந்தான். கிடாயைக் கொம்பைப் பிடித்துத் திருப்பினான். ஓடை மணலில், கரைப் பக்கமாக. ஆடுகள் முனகிக்கொண்டே பின்னால் போயின. கடைசியில் ஒரு குட்டி தள்ளாடியது. அதைத் தூக்கித் தோளில் போட்டுக்கொண்டான். என் கையைப் பிடிக்கவில்லை, போய்வருகிறேன் என்று சொல்லவில்லை, திரும்பியும் பார்க்கவில்லை. அதற்கு நான் லாயக்கில்லை என்று எனக்கே தெரிந்ததால் எதிர்பார்க்கவும் இல்லை.

ஓடை வளையும் இடத்தை எட்டியபோது நின்றான்.

"லுபாக்கு!" என்று அங்கிருந்தே கத்தினான். "குஞ்சு எத்தன?"

நான் எழுந்து நின்றேன். "மூணு!"

"பாத்தியா, கேட்டியா?"

"பாத்தேன்! என் கண்ணால பாத்தேன்!"

அவன் தலையாட்டினானா என்று தூரத்தில் தெரியவில்லை. ஆனால் நடக்கத் தொடங்கியபோது அவன் எதையோ சொல்லிக்கொண்டே போவது காற்றில் கேட்டது. வழியில் சந்திக்கிறவர்களிடம் ஒப்பிக்க வேண்டிய செய்தியை நாங்கள் மறந்துவிடாமலிருக்க அப்படித்தான் வாய்விட்டுச் சொல்லிக்கொண்டு போவோம்.